படகு வந்ததை யாருக்குச் சொல்வது?

நிரல் எழுதும் தொழிலில் நெடுங்காலம் பழகியவர்களுக்கு, தாம் எழுதும் வரிகளிற் பெரும்பாலானவை எப்பொழுது வேண்டுமானாலும் மாற்றத்தக்கவை என்பதும், ஒருமுறை எழுதிவிட்டால் மாற்றுதற்கரியவை மிகச் சிலவே என்பதும், அந்தச் சிலவற்றின் மீதுதான் சிரத்தை முழுவதையும் செலுத்த வேண்டும் என்பதும் காலக்கிரமத்தில் தாமாகவே புலப்படும். ஒரு கிளாஸின் உள்ளே கணக்கு எவ்விதம் நடைபெறுகிறது என்பதை இன்றிரவு அடியோடு மாற்றி எழுதினாலும், நாளைக் காலையில் அதனை ஒருவரும் அறியப்போவதில்லை. ஆனால் அதே கிளாஸ், தன்னிடத்தில் இன்ன சம்பவம் நிகழ்ந்துவிட்டது என்று பிறருக்கு அறிவிக்கும் பொருட்டுப் பிரகடனம் செய்திருக்கும் ஒற்றை வரியைத் தொட்டோமானால், நாம் ஒருபோதும் கண்டிராத மனிதர்கள் எழுதிய, அந்த அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கின்ற நிரல்களெல்லாம் ஒருசேர முறிந்துபோகும். இவ்வகை அறிவிப்புகளாகிய நிகழ்ச்சிகளை எவ்விதம் பிரகடனம் செய்வது என்பது பற்றி என் அனுபவத்திற் கண்டவற்றை எழுதிவைக்க வேண்டும் என்று நான் விரும்பியதற்கு இதுவே காரணம்.

யாழ்ப்பாணத்துத் தீவகத்திலிருந்து கொழும்புக்குச் சென்று கணினித் தொழில் கற்ற என் தலைமுறையினரிற் பலர் விஷுவல் பேசிக் என்ற வாயிலின் வழியாகவே உள்ளே புகுந்தோம். திரையிலே ஒரு பொத்தானை வரைந்து, அதனை இருமுறை அழுத்தினால், அந்தப் பொத்தான் அழுத்தப்படும் வேளையில் நடக்கவேண்டியதை எழுதுவதற்குரிய வெற்றிடம் தானே தோன்றும். அதனை நிரப்புவதே எங்கள் வேலை. 1997ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து சொந்த கிளாஸ்களிலும் நிகழ்ச்சிகளைப் பிரகடனம் செய்ய அம்மொழி இடங்கொடுத்திருந்தும், அதனை நாடியவர் எங்களுள் அரிதாகவே இருந்தனர். பிறர் அறிவித்ததைக் கேட்கும் ஸ்தானத்திலேயே இருந்து பழகிவிட்டால், அறிவிப்பவனுக்குரிய பொறுப்பு என்ன என்ற கேள்வி மனத்தில் எழுவதே இல்லை. 2002ஆம் ஆண்டில் டொட் நெட்டும் அதனோடு சீ ஷார்ப் என்ற மொழியும் வெளிவந்து, நாங்கள் எழுதும் கிளாஸ்களைப் பிறர் எடுத்துப் பிரயோகிக்கும் பெரிய வேலைகள் வந்து சேர்ந்த பிறகே, அந்தக் கேள்வியை நேர்முகமாகச் சந்திக்க நேர்ந்தது.

பின்னர் ஊர் திரும்பி, யாழ்ப்பாணத்தில் சில மாணவர்களுக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது, புத்தகங்களில் வழக்கமாகக் காணப்படும் வங்கிக் கணக்கையும் பொத்தானையும் விட்டு, அவர்களுக்கும் எனக்கும் நன்கு தெரிந்த ஓர் இடத்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் பஸ் பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணையினூடாக வந்து, வாணர் பாலத்தைத் தாண்டிப் புங்குடுதீவுக்குள் நுழைந்து, அத்தீவின் மேற்குக் கரையில் நிலம் முடிவடையும் குறிகட்டுவானில் வந்து நிற்கிறது. அங்குள்ள இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குக் கால் மணி நேரத்தை அடுத்த பயணம்; நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோரும், நாகதீப விகாரையை வழிபடத் தென்னிலங்கையிலிருந்து வருவோரும், நெடுந்தீவுக்குச் சாமான் ஏற்றிச் செல்லும் வியாபாரிகளும், அங்கே உத்தியோகம் பார்க்கும் ஆசிரியர்களும் ஒரே துறையிலே காத்திருக்கின்றனர். படகு வந்தது என்ற ஒரே சம்பவத்தை எத்தனையோ பேர் வெவ்வேறு காரணங்களுக்காக அறிய விரும்புகின்றனர் என்பது அந்தத் துறையில் ஒரு காலைப்பொழுது நின்றவர்க்கெல்லாம் தெரியும். திரும்பிப் போகவேண்டிய பஸ்ஸின் சாரதி, ஓட்டோக்காரர், தேநீர்க் கடைக்காரர், அடுத்த பயணத்துக்கு வரிசையில் நிற்போர் ஆகிய இவர்களில் ஒருவரையும் படகு அறியாது; அறியவேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. நிகழ்ச்சி என்ற ஏற்பாட்டின் சாரம் முழுவதும் இந்த அறியாமையிலேதான் இருக்கிறது.

இவ்வகை உதாரணம் இத்தொழிலின் பூர்வீகத்துக்கும் பொருத்தமானது. ஒப்ஜெக்ட்டுகளை ஆதாரமாகக் கொண்டு நிரல் எழுதும் முறை, நோர்வே தேசத்தின் ஒஸ்லோ நகரில், கிறிஸ்டன் நீகோர், ஓலே யோஹான் டால் என்ற இருவர் 1960களில் உருவாக்கிய சிமுலா என்ற மொழியிலிருந்து பிறந்தது. வரிசையில் நிற்றல், வந்து சேர்தல், சேவை பெற்றுப் போதல் முதலான உலக நடப்புகளைக் கணினிக்குள்ளே ஒத்திகை பார்ப்பதற்காகவே அவர்கள் அம்மொழியைச் செய்தனர். அந்த ஒத்திகைக்கென்று செய்த கருவி, சிமுலா 67 என்ற வடிவத்தில், பின்வந்த அவ்வகை மொழிகளுக்கெல்லாம் முன்னோடியாயிற்று. ஆகவே ஒரு துறையையும் அதில் வந்துபோகும் படகுகளையும் நிரலாக எழுதுவது, மாணவர்களை மூலஸ்தானத்துக்கே அழைத்துச் செல்வதாகும் என்று எனக்குத் தோன்றியது. படகுகளுக்கு மாத்திரம் மெய்யான பெயர்களைச் சூட்டவில்லை. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி குமுதினிப் படகில் நிகழ்ந்த கொலைகளை மறவாத தீவகத்தில், பாடத்துக்காக எழுதும் நிரலொன்றில் அந்தப் பெயரை வரவும் போகவும் விட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டோம்.

சீ ஷார்ப் மொழியில் ஒரு நிகழ்ச்சியைப் பிரகடனம் செய்யப் பல வழிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருப்பது டெலிகேட் என்ற அமைப்பு. ஒரு மெதட்டையோ, ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட பல மெதட்டுகளையோ குறித்து வைத்துக்கொண்டு, வேண்டிய வேளையில் அவற்றை வரிசைப்படி இயக்குவது அது. மிக எளிதாகத் தோன்றும் வழி, அத்தகைய டெலிகேட் ஒன்றைக் கிளாஸின் பகிரங்க உறுப்பாக அப்படியே வைத்துவிடுவதாகும். வேலை நடக்கும், முதல் நாளிற் குறையொன்றும் தெரியாது. கொழும்பில் நான் வேலை பார்த்த நிறுவனமொன்றில், பண்டசாலைகளுக்கான பெரிய நிரலொன்றிலே, சரக்கு இருப்பு மாறியது என்ற அறிவிப்பை ஒருவர் இவ்விதமே எழுதியிருந்தார். பிற்பாடு புதிய பகுதியொன்றை எழுதிச் சேர்த்த வேறொருவர், தம்முடைய மெதட்டை அந்தக் கோவையோடு கூட்டுவதற்குப் பதிலாக, கூட்டற் குறியை விட்டுச் சமன் குறியை மாத்திரம் இட்டுவிட்டார். அந்தக் கணமே, அதற்கு முன் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பகுதிகளும் பட்டியலிலிருந்து அழிந்துபோயின. கம்பைலர் எவ்வித ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை. திரையிலும் பிழை காட்டவில்லை. தணிக்கைக் குறிப்பேட்டில் மாதக்கணக்காக ஒன்றும் பதியப்படவில்லை என்பது, வருஷக் கணக்கை முடிக்க உட்கார்ந்தபோதுதான் வெளிப்பட்டது. எழுதியவர்களிற் கவனக்குறைவு யாருடையது என்று அன்று பெரிய விவாதம் நடந்தது. என் அபிப்பிராயத்தில், அந்தச் சமன் குறியை இட்டவரைவிட, அதனை இட முடியும்படியான பிரகடனத்தைச் செய்துவைத்தவரே அதிகப் பொறுப்புடையவர்.

அந்த டெலிகேட்டுக்கு முன்னால் ஈவென்ட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது. அச்சொல் இருக்கும்போது, வெளியிலிருப்பவர்களுக்கு இரண்டே உரிமைகள் எஞ்சுகின்றன: கேட்போர் பட்டியலிற் சேரலாம், பட்டியலிலிருந்து விலகலாம். பிறரை ஒட்டுமொத்தமாக நீக்கவோ, பட்டியல் முழுவதையும் மாற்றவோ, படகு வராதபோது வந்துவிட்டது என்று தாமே அறிவிக்கவோ அவர்களால் இயலாது. இவற்றுள் இறுதியாகச் சொன்னதன் முக்கியத்துவத்தை மாணவர்கள் உடனே கிரகித்துக்கொண்டனர். படகு வந்துவிட்டது என்று தேநீர்க் கடைக்காரர் கூவி, அதனை நம்பி பஸ் புறப்படத் தயாராகிவிட்டால் துறையின் ஒழுங்கு என்னாவது? சம்பவம் எவரிடத்தில் நிகழ்கிறதோ அவரே அதனை அறிவிக்க வேண்டும் என்ற நியதியைக் கம்பைலரைக் கொண்டே காக்கச் செய்வதற்கு அந்த ஒரு சொல் போதும். ஆகையால் இந்த முதற் படியில் எனக்கு எவ்விதத் தயக்கமும் இல்லை. பகிரங்கமான டெலிகேட்டை ஒருபோதும் நிகழ்ச்சியாகப் பாவிக்கலாகாது.

அடுத்த படியிலேதான் மெய்யான தேர்வு வருகிறது. ஈவென்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் எந்த டெலிகேட் வகையைக் குறிப்பிடுவது? ஆக்ஷன் என்ற ஆயத்த வகையை இடலாம். சொந்தமாக ஒரு டெலிகேட் வகையை வரையறுக்கலாம். அல்லது டொட் நெட்டின் சம்பிரதாயப்படி, அனுப்புநர், விவரங்கள் என்ற இரண்டு உறுப்புகளைக் கொண்ட ஈவென்ட்ஹேண்ட்லரை எடுத்துக்கொள்ளலாம். முதல் வழி மிகச் சுருக்கமானது; கடைசி வழிக்கு, விவரங்களை ஏந்துவதற்கென்று தனியாக ஒரு கிளாஸ் எழுத வேண்டும். வகுப்பிலே கூர்மையான பையன் ஒருவன் எழுந்து என்னை மறித்தான்.

“சேர், படகு வந்திட்டுது எண்டு சொல்லத்தானே வேணும்? ஆக்ஷன் எண்டு போட்டால் ஒரு வரியில முடிஞ்சுது. அதுக்கு ஏன் ஒரு புதுக் கிளாஸ்?”

“இண்டைக்குப் படகின்ர இலக்கம் மட்டும்தான் சொல்லுறம், தம்பி. நாளைக்கு எத்தினை பேர் வந்து இறங்கினவை எண்டு ஓட்டோக்காரர் கேட்டால் என்ன செய்வீர்?”

“இன்னொரு எண்ணைச் சேர்த்துவிடுவன்.”

“சேர்த்துப் பாரும்.”

அவன் சேர்த்தான். படகின் இலக்கத்தை மாத்திரம் ஏற்றுக்கொண்டிருந்த மற்ற மாணவர்களின் மெதட்டுகள் அனைத்தும் அக்கணமே கம்பைலாகாமல் நின்றன. ஐந்தாறு பேர் கூடி எழுதும் சிறு நிரலில் இது ஒரு நிமிஷ வேலை; உலகெங்கும் பல நிறுவனங்கள் வாங்கிப் பாவிக்கும் நிரற்றொகுதியில் இது ஓர் அனர்த்தம். விவரங்களை ஒரு கிளாஸுக்குள் அடக்கிக் கொடுத்திருந்தால், அதனுள் இறங்கினோர் தொகை என்ற புதிய உறுப்பைச் சேர்ப்பது எவரையும் பாதித்திராது. வேண்டியவர் வாசித்துக்கொள்வர், வேண்டாதவர் பழையபடியே இருப்பர். இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. ஆக்ஷன் வகையில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்களை வைத்தால், அவற்றுள் எது பயணிகளின் தொகை, எது மூட்டைகளின் தொகை என்று பிரகடனத்தைப் படித்து அறிய வழியில்லை, ஏனெனில் அங்கே உறுப்புகளின் வகைக்கு மாத்திரமே இடமுண்டு, பெயருக்கு இடமில்லை. சொந்தமாக வரையறுத்த டெலிகேட்டில் பெயர் வைக்கலாம். எனினும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒவ்வொரு வகையை வரையறுத்துக்கொண்டே போனால் நிரல் முழுவதும் அவற்றால் நிரம்பிவிடும். 2002இல் வேறு வழியில்லாமல் நாங்கள் அப்படித்தான் எழுதினோம். 2005இல் டொட் நெட்டின் இரண்டாம் பதிப்போடு, எந்த விவரக் கிளாஸையும் ஏற்கும் பொதுவான ஈவென்ட்ஹேண்ட்லர் வந்தபின் அந்தத் தொல்லை நீங்கிற்று. பல உறுப்புகளை ஏற்கும் ஆக்ஷன் வகைகள் அதற்கும் பின்னர், 2007இல், வந்தவை. விவரக் கிளாஸ் ஈவென்ட்ஆர்க்ஸ் என்ற மூலக் கிளாஸிலிருந்தே பிறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 2012இல் கைவிடப்பட்டது. பழைய நிரல்களை வாசிக்கும்போது, இந்த வருஷங்களை மனத்திற் கொண்டால், எழுதியவர் ஏன் அவ்விதம் எழுதினார் என்பது தெளிவாகும்.

அனுப்புநர் என்ற முதலாம் உறுப்பைப் பற்றி நண்பர்கள் பலர் சலித்துக்கொள்வதுண்டு. அது எந்த வகையையும் ஏற்கும் பொதுவான ஒப்ஜெக்ட்டாக இருப்பதால், பெற்றுக்கொள்பவர் அதனை மீண்டும் படகாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது மெய்யான குறையே. ஆயினும் ஒரே மெதட் பல படகுகளின் வருகையைக் கேட்கும் துறையிலே, எந்தப் படகு பேசுகிறது என்று அறிய அதனைவிடப் பொதுவான சாதனம் இல்லை. என் வழக்கம் இது: ஒரு தொகுதியின் எல்லைக்கு உள்ளேயே பிறந்து உள்ளேயே முடியும் நிகழ்ச்சியானால், ஆக்ஷன் வகையை மனச்சாட்சி உறுத்தாமல் பிரயோகிப்பேன். எல்லைக்கு வெளியே போகும் நிகழ்ச்சியானால், விவரம் ஒன்றுமே இல்லாத சந்தர்ப்பத்திலுங்கூட, ஈவென்ட்ஹேண்ட்லரையே பிரகடனம் செய்வேன்.

இந்தத் தேர்வுகளுக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது என்பதை இளையவர்கள் அறிந்திருத்தல் நலம். கேட்பவர் ஒரு மெதட்டாக இருக்க வேண்டுமா, ஓர் ஒப்ஜெக்ட்டாக இருக்க வேண்டுமா என்பதே விவாதம். 1995இல் வந்த டெல்பியில், ஒரு நிகழ்ச்சி என்பது ஒரேயொரு மெதட்டைச் சுட்டும் உறுப்பாக இருந்தது. இரண்டாமவர் கேட்க விரும்பினால் முதலாமவரை நீக்கிவிட்டே அமரவேண்டும். 1997இல் ஜாவாவின் 1.1 பதிப்பு வேறு பாதையை எடுத்தது: கேட்பவர், இன்னின்ன மெதட்டுகள் இருக்கவேண்டும் என்று விதிக்கும் இன்டர்பேஸ் ஒன்றை நிறைவேற்றும் ஒப்ஜெக்ட்டாக இருந்து, தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். டெல்பியை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹேய்ல்ஸ்பெர்க் 1996இல் மைக்ரோசொப்டிற் சேர்ந்து, அவர்களுடைய ஜாவாக் கருவியாகிய விஷுவல் ஜே பிளஸ் பிளஸில் டெலிகேட்டைப் புகுத்தியபோது, ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் அதனை அனாவசியம் என்று வாதித்து ஓர் அறிக்கையே வெளியிட்டது. ஜாவா உரிமம் பற்றி இரு நிறுவனங்களும் நீதிமன்றம் சென்ற விவகாரம் 2001இல் சமாதானமாக முடிந்தது. அதற்கிடையே ஹேய்ல்ஸ்பெர்க்கின் எண்ணம் சீ ஷார்ப்பில், பலரும் ஒருங்கே கேட்கும் வசதியோடு, ஸ்திரமான இடத்தைப் பெற்றுவிட்டது.

வழக்கில் வென்றவர் யார் என்பதைவிட, இரண்டு பட்சங்களிலும் நியாயம் இருந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. எங்கள் துறை நிரலில், ஒரு பயணத்தின் புறப்பாடு, நடுக்கடலில் இடத்தை அறிவித்தல், வந்துசேர்தல், பழுதுபட்டு நிற்றல் ஆகிய நான்கையும் ஒருங்கே கேட்டாலன்றிப் பயனில்லாத கண்காணிப்புப் பகுதியொன்று இருந்தது. இதற்கு நான்கு நிகழ்ச்சிகளைத் தனித்தனியே பிரகடனம் செய்தால், மூன்றைக் கேட்டுவிட்டு நான்காவதை மறந்துவிடும் ஒருவர் என்றேனும் வந்தே தீருவார். அவர் மறப்பது பெரும்பாலும் பழுதுபட்டதைத்தான். நான்கையும் ஓர் இன்டர்பேஸாக எழுதிக்கொடுத்தால், ஒன்றை விட்டாலும் கம்பைலர் விடாது. ஆகையால் தனித்தனியே கேட்கத்தக்கவற்றை ஈவென்ட்டாகவும், பிரித்துக் கேட்கலாகாதவற்றை இன்டர்பேஸாகவும் பிரகடனம் செய்யும்படி மாணவர்களுக்குச் சொன்னேன்.

இனி, இவையெல்லாவற்றிலும் மேலானது என்று நான் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். நிகழ்ச்சியை எந்த வகையிற் பிரகடனம் செய்வது என்று விவாதிப்பவர்கள், அதனை எந்த ஒப்ஜெக்ட்டின் மீது பிரகடனம் செய்வது என்பதைப் பெரும்பாலும் சிந்திப்பதில்லை. கேட்பவர் தம்மைப் பதிவு செய்யும்போது, அறிவிப்பவர் அவரைக் கைவிடாமற் பற்றிக்கொள்கிறார். அறிவிப்பவர் உயிரோடிருக்கும் வரையில், பயனற்ற ஒப்ஜெக்ட்டுகளை நினைவகத்திலிருந்து அகற்றும் பொறி அந்தக் கேட்பவரை அணுகாது. இந்தப் பிடி பிரகடனத்தை வாசிப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. எங்கள் முதல் வடிவத்தில், படகு வந்தது என்ற நிகழ்ச்சி இறங்குதுறையின் மீது பிரகடனம் செய்யப்பட்டிருந்தது, ஏனெனில் அறிவிப்புச் செய்யுமிடம் துறைதான் என்று எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றிற்று. துறை என்ற ஒப்ஜெக்ட் நிரல் தொடங்கும்போது பிறந்து நிரல் முடியும் வரை வாழ்வது. பயணி என்பவரோ வந்து, காத்திருந்து, ஏறிப்போய், மறைபவர். சாதாரண நாளின் ஒத்திகையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனி மாதத்தில் நாகபூஷணி அம்மன் கோயிலின் மகோற்சவக் காலத்தைப் போலப் பெருங்கூட்டத்தை விட்டுப் பார்த்தபோது, நிரல் மெல்ல மெல்லத் தளர்ந்து, நினைவகம் நிரம்பி, ஓரிடத்தில் நின்றுவிட்டது. நயினாதீவுக்குப் போய்த் தரிசனம் முடித்து, யாழ்ப்பாணமும் சேர்ந்துவிட்ட பயணிகள் ஒருவர் விடாமல் இன்னும் துறையின் பட்டியலில் நின்று, ஒவ்வொரு படகு வரும்போதும் அறிவிப்பைப் பெற்றுக்கொண்டிருந்தனர்.

விலகுவதற்குரிய வரியை ஒவ்வொரு பயணியும் தவறாமல் எழுதவேண்டும் என்று சொல்லிவிடலாம்; பாடநூல்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் பெயரில்லாத சிறு மெதட்டுகளை அவ்விடத்திலேயே எழுதிப் பதிவு செய்துவிடும் இக்கால வழக்கத்தில், அதே மெதட்டை முன்கூட்டி ஒரு மாறியில் வைத்துக்கொண்டிருந்தாலன்றி விலகவும் முடியாது. பார்வைக்கு அதே போன்ற மெதட்டை மறுபடி எழுதி நீக்கச் சொன்னால், அது வேறொரு மெதட்டாகவே எண்ணப்பட்டு, ஒன்றும் நீங்காமற் போகும். கேட்பவரை இறுகப் பிடிக்காத தளர்ந்த பிடியைக் கொண்ட சாதனமொன்று 2006இல் டபிள்யூ. பி. எவ். என்ற திரை அமைப்போடு வந்தது, அதுவும் உபயோகமானதே. என்னுடைய பரிகாரம் வேறு. பயணம் என்ற புதிய கிளாஸ் ஒன்றை எழுதச் சொன்னேன். ஒரு படகு ஒருமுறை போய்ச் சேருவது ஒரு பயணம்; அது தொடங்கி முடிவதோடு அதன் ஆயுளும் முடிகிறது. வந்தது, புறப்பட்டது என்ற நிகழ்ச்சிகளைத் துறையின் மீதிருந்து எடுத்து, அந்தப் பயணத்தின் மீது பிரகடனம் செய்தோம். பயணிகள் தத்தம் பயணத்தைக் கேட்கின்றனர்; பயணம் முடிந்து, அதனைச் சுட்டுவோர் ஒருவரும் இல்லாது போகும்போது, பயணமும் அதனைக் கேட்டிருந்த பயணிகளும் ஒருங்கே நினைவகத்திலிருந்து நீங்குகின்றனர். விலகும் வரியை எழுத ஒருவர் மறந்தாலும் தீங்கில்லை. பஸ் சாரதியும் தேநீர்க் கடையும் மாத்திரம், துறையைப் போலவே நீடித்திருப்பவர்களாகையால், துறையின் மீதுள்ள வேறொரு நிகழ்ச்சியைக் கேட்டனர். இந்த மாற்றத்துக்குப் பின் உற்சவக் கூட்டத்தை எத்தனை முறை விட்டாலும் நினைவகம் ஓரளவிலேயே நின்றது. கேட்பவரின் ஆயுளைக் காட்டிலும் மிக நீண்ட ஆயுள் உடையதொன்றின் மீது நிகழ்ச்சியை வைப்பதற்கு முன்னர் நான் இன்றும் எழுதுவதை நிறுத்தி யோசிப்பதுண்டு.

கேட்போரில் ஒருவர் தவறிழைத்தால் மற்றவர் கதி என்ன என்பதும் இத்தோடு சேர்த்து எண்ணத்தக்கது. மெதட்டுகள் பதிவான வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகவே இயங்குகின்றன. நடுவிலுள்ள ஒன்று எக்ஸெப்ஷன் ஒன்றை எழுப்பிவிட்டால், அதற்குப் பின்னால் நிற்பவர்களுக்குச் செய்தி போய்ச் சேராது. தேநீர்க் கடையின் கணக்கில் ஏற்பட்ட வழுவினால் பஸ்ஸுக்குப் படகு வந்த செய்தி எட்டாமற் போவது நியாயமன்று. பட்டியலைப் பெற்று ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைக்கும் மெதட் ஒன்றை எழுதி, அறிவிப்பெல்லாம் அதன் வழியாகவே செல்லும்படி செய்தோம்.

நிகழ்ச்சிக்குக் காலம் உண்டு. நடந்து முடிந்ததை அறிவிப்பது ஒரு வகை. நடக்கவிருப்பதை அறிவித்து, ஆட்சேபம் இருந்தாற் சொல்லுங்கள் என்று கேட்பது மற்றொரு வகை. விண்டோஸ் திரைகளில், மூடப்படவிருக்கிறது என்றும் மூடப்பட்டது என்றும் இரண்டு நிகழ்ச்சிகள் இருப்பதை எவரும் கண்டிருப்பர். அங்கே முன்னதன் விவரங்களில் ரத்து என்ற ஒரு கொடி இருக்கிறது. கேட்பவர் அதனை உயர்த்தினால் திரை மூடப்படாது. இந்த ஏற்பாட்டைப் பார்த்து, படகு புறப்படவிருக்கிறது என்ற நிகழ்ச்சியையும் மாணவர்கள் அவ்வாறே பிரகடனம் செய்தனர். அதில் ஒரு நுட்பமான அபாயம் இருப்பதை வகுப்பில் ஒரு மாணவிதான் முதலிற் கண்டாள். ஒருவர் உயர்த்திய கொடியை, வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பவர் மீண்டும் இறக்கிவிடலாம். அவ்விதம் இறக்கப்பட்டது ஒருவருக்கும் தெரியவராது. ஆகவே கொடியை நீக்கி, மறுப்பதற்கென்று காரணத்தோடு அழைக்கும் ஒரு மெதட்டை மாத்திரம் விவரக் கிளாஸில் வைத்தோம். மறுத்ததைத் திரும்பப் பெறும் வழி அதில் இல்லை. காரணங்கள் சேர்ந்துகொண்டே போகும். ஒன்றாவது இருக்குமானால் படகு புறப்படாது.

அந்த மாணவி இன்னும் ஒரு படி மேலே சென்றாள். “சேர், சோளகம் அடிக்கேக்க கடல் கொந்தளிப்பா எண்டு பாக்கிற பகுதியை ஒருத்தரும் பதிவு செய்யாமல் விட்டிட்டால்?” என்று கேட்டாள். கேட்போர் பட்டியல் வெறுமையாக இருக்கலாம் என்பது நிகழ்ச்சியின் இயல்பு. ஒருவரும் கேட்காவிட்டால் ஒருவரும் மறுக்கமாட்டார், படகு புறப்பட்டுவிடும். நெடுந்தீவுக் கடலை அறிந்த பிள்ளை கேட்ட கேள்வி அது. அன்றைய பாடத்தை அவ்விடத்திலேயே நிறுத்தி, கடல்நிலையையும், ஏற்றத்தக்க ஆட்களின் எண்ணிக்கையையும், உயிர்காப்பு அங்கிகளின் தொகையையும் நிகழ்ச்சியிலிருந்து முற்றாக அகற்றினோம். அவற்றைச் சோதிக்கும் பகுதி ஓர் இன்டர்பேஸாயிற்று. பயணம் என்ற ஒப்ஜெக்ட்டை உருவாக்கும்போதே அதனைக் கொடுத்தாக வேண்டும், கொடாவிட்டால் நிரல் கம்பைலாகாது. புறப்படவிருக்கிறது என்ற நிகழ்ச்சியில் எஞ்சியவை, யாழ்ப்பாண பஸ் இன்னும் வந்து சேரவில்லை, நெடுந்தீவு ஆசிரியர் ஒருவர் கடைசிப் படிக்கட்டில் ஓடி வருகிறார் என்பன போன்ற, எவரும் கேட்காது விட்டாலும் உயிருக்கு ஊறு நேராத காரணங்கள் மாத்திரமே. அவற்றை வேண்டியவர் வேண்டியபோது வந்து சேர்த்துக்கொள்ளும்படி, ஈவென்ட்ஹேண்ட்லராகவே விட்டுவைத்தோம்.